காலுக்கேற்ற பைக்

மலைப்பாதைக்கும் மண்பாதைக்கும் ஏற்ற அட்வென்ச்சர் பைக்குகள் நம் சாலைகளில் பெருகிவிட்டன. அவற்றின் சீட்டும் உயர்ந்துகொண்டே போகிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் 411 சிசி மாடலில் சீட் 800 மி.மீ. உயரத்தில் இருந்தது; 450 சிசி மாடலில் அது 825 மி.மீ. ஆகிவிட்டது. கேடிஎம் 390 அட்வென்ச்சர் 855 மி.மீ. உயரத்தோடு வந்தது. இந்திய ஆண்களின் சராசரி உயரமோ ஏறத்தாழ 165 செ.மீ., பெண்களுடையது சுமார் 152 செ.மீ. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குக் கவட்டிலிருந்து குதிகால் வரை சுமார் 75 செ.மீ. தான் இருக்கும். எனவே கால் எட்டாமல் தவிப்பவர்களைக் குள்ளமானவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. நாட்டின் பெரும்பகுதியே அவர்கள்தாம். அவர்களில் பலர் பட்டறைக்குப் போய்க் கேட்பது ஒன்றுதான்: பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பின்பக்கத்தை மட்டும் இறக்குவது கடைசியாக யோசிக்க வேண்டிய வழி. அதை முதல் வழியாக்கிவிட்டோம் என்பதுதான் என் கவலை.

வேலை எளிதானது. மோனோஷாக்கைத் தாங்கும் இணைப்புத் தகடுகளைக் கழற்றிவிட்டு நீளமானவற்றைப் போட்டால் பின்பக்கம் தாழ்ந்துவிடும். பின் அச்சில் 30 மி.மீ. குறைத்ததாக வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் உட்காருமிடம் இரு சக்கரங்களுக்கும் நடுவே, முன் அச்சிலிருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே காலுக்குக் கிடைப்பது 20 மி.மீ. தான். அந்த 20 மி.மீ.-க்காக வண்டி முழுவதும் பின்னோக்கிச் சாய்கிறது. ஒன்றரை மீட்டர் சக்கர இடைவெளியுள்ள பைக்கில் அந்தச் சாய்வு ஒரு பாகைக்குச் சற்று மேல். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் அந்த ஒரு பாகை, ஹெட்லைட்டின் ஒளியை 50 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்த்திவிடுகிறது. இரவில் எதிரே வருபவரின் கண்ணில்தான் அது அடிக்கும். முன் ஃபோர்க்கின் சாய்வும் கூடுவதால் ஹேண்டில் திருப்புவதற்கு மந்தமாகிறது, முன்சக்கரத்தின் மீதான பாரமும் சற்றுக் குறைகிறது. பழைய நீளத்திலேயே இருக்கும் சைட் ஸ்டாண்டு இப்போது வண்டியை ஏறக்குறைய நேராக நிறுத்துகிறது. லேசான சரிவு போதும், மறுபக்கம் சாய்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஷாக் முழுதாக அமுங்கும்போது சக்கரம் முன்பைவிட மேலே ஏறும். பின்னால் ஆளும் சுமையும் இருக்கையில் வேகத்தடையில் ஏறி இறங்கினால் டயர் மட்கார்டில் உரசக்கூடும்.

இத்தனைக்கும் உயரப் பிரச்சினை என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி எடைப் பிரச்சினை. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அமிழ வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஹிமாலயன் 450-இன் அசைவு 200 மி.மீ.; அப்படியென்றால் 60 மி.மீ. வரை அமிழலாம். ஆனால் நிறுவனங்கள் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது பின்னால் உட்காருபவரையும் பயணப் பெட்டிகளையும் சேர்த்தே எண்ணுகின்றன. 50 கிலோ எடையுள்ளவர் தனியாக ஏறினால் அந்த ஸ்பிரிங் போதிய அளவு அமிழாது. உயரம் குறைந்தவர்களில் பலர் எடையும் குறைந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு இது இரட்டைத் தண்டனை: கால் எட்டுவதில்லை, ஒவ்வொரு பள்ளமும் முதுகில் இடிக்கிறது. ஷாக்கின் மேலுள்ள வளையத்தைத் தளர்த்தி ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைக் குறைத்தாலே சீட் ஓரளவு தாழும், பயணமும் மென்மையாகும். அடுத்த மாதமே இன்னொருவரை ஏற்றிச் செல்ல வேண்டுமென்றால் அதே வளையத்தை இறுக்கிக்கொள்ளலாம். நீளத் தகட்டில் இந்தச் சௌகரியம் இல்லை.

அதற்கடுத்தது சீட். உயரத்தின் அளவுக்கு அகலமும் முக்கியம். சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து கால் பக்கவாட்டில் போய்விடும், நேராகக் கீழே இறங்காது. முன்புற நுரையைச் செதுக்கி ஒடுக்கினால் சஸ்பென்ஷனில் கை வைக்காமலே கால் தரையை நெருங்கும். இவையெல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால் இறக்கத்தான் வேண்டும். அப்போது ஃபோர்க் குழாய்களையும் கிளாம்ப்பில் மேலே ஏற்றி முன்பக்கத்தையும் அதே அளவு இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் 30 மி.மீ. இறங்கினால் சீட்டும் முழுதாக 30 மி.மீ. இறங்கும், வண்டியின் சாய்வு மாறாது. ஸ்டாண்டை வெட்டிக் குறைப்பதும், சக்கரங்கள் முழுதாக மேலேறும்போது எங்காவது தட்டுகின்றனவா என்று பார்ப்பதும் அந்த வேலையின் பகுதிகளே.

இரண்டு பாதங்களும் தரையில் பட வேண்டியதில்லை, ஒரு காலை ஊன்றி நிற்கப் பழகினால் போதும் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வார்கள். சமதளத்தில் அது சரி, பழகவும் வேண்டும். ஆனால் கொண்டை ஊசி வளைவில், ஜல்லி சிதறிய சரிவில், ஊன்றிய கால் பள்ளத்துக்குள் போகும்போது, ஏறக்குறைய 200 கிலோ எடையை நுனிக்காலால் தாங்க எந்தப் பயிற்சியும் உதவாது. முடியாதவர்கள் தாழ்ந்த பைக்கை வாங்கட்டுமே என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. காலணிக் கடையில் ஒரே அளவை வைத்துக்கொண்டு, பொருந்தாதவரை வெறுங்காலோடு அனுப்புவதுபோல் இருக்கிறது அது.

நிறுவனங்களால் முடியாத காரியமுமல்ல. கேடிஎம் 2023-இல் 390 அட்வென்ச்சரையே 830 மி.மீ. சீட்டுடன் தனி வகையாக இந்தியாவில் விற்றது. ஹிமாலயன் 450-க்குத் தாழ்ந்த சீட் தனித் துணைப்பொருளாகக் கிடைக்கிறது. 2021-இல் வந்த ஹார்லி டேவிட்சன் பான் அமெரிக்காவின் ஒரு வகை, நிற்கும்போது தானே தாழ்ந்து ஓடும்போது தானே உயர்கிறது. அந்த விலையுயர்ந்த நுட்பம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. எடைக்கேற்ற ஸ்பிரிங், ஒடுங்கிய சீட், நீளம் குறைந்த ஸ்டாண்டு, இரு பக்கமும் சமமாக இறக்கும் பாகங்கள் ஆகியவை உத்தரவாதத்தோடு கிடைத்தால் போதும். இன்று அந்த வேலையைப் பட்டறையில் செய்துகொள்பவர் எல்லா ஆபத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியில்லாமல் வண்டியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியவரும் அவரே. நிறுவனம் சோதித்து, அங்கீகாரம் பெற்று, தன் பெயரில் விற்கும் பாகத்துக்கு இந்தச் சிக்கல் வராது. அந்தப் பாகங்கள் வரும்வரை விற்பனையகங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சாவியைக் கொடுக்கும் நாளில் வாங்குபவரை வண்டியில் உட்காரவைத்து, அவர் எடைக்கு ஷாக்கைச் சரிசெய்து, ஹெட்லைட் மட்டத்தையும் பார்த்து அனுப்பலாம். கால் மணி நேர வேலைதான்.