குழிக்குள் மனிதன் இறங்கத்தான் வேண்டுமா?

பாதாளச் சாக்கடையின் அடைப்பை யந்திரம் நீக்கலாம். ஆனால் குழாயில் எங்கே விரிசல், மேன்ஹோலில் எங்கே உடைப்பு என்று கண்டு செப்பனிடுவதற்கு மனிதன் இறங்கியே தீரவேண்டும் என்றோர் அபிப்பிராயம், நிர்வாகிகளிடையேயும் படித்த ஜனங்களிடையேயும் மறுக்கவொண்ணாத உண்மைபோல் நிலவி வருகிறது. பாதாளச் சாக்கடையின்றி வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க் வைத்திருக்கும் எங்கள் ஊரான அகளிக்கும் இந்த வாதம் அந்நியமன்று. அந்தத் தொட்டிக்குள் ஆளை இறக்கும்போதும் இதே நியாயந்தான் சொல்லப்படுகிறது, அங்கே கொல்வதும் சாக்கடையில் கொல்லும் அதே வாயுதான்.

நேரில் பார்க்காமல் பழுதை எப்படி அறிவது என்பது அவர்களுடைய முதல் வாதம். தெருக்களில் புதைந்து கிடக்கும் குழாய்களில் பெரும்பாலானவை 150 முதல் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை. அவற்றுள் எந்த மனிதனும் என்றும் நுழைந்ததில்லை. இறங்குகிறவன் காண்பதெல்லாம் மேன்ஹோலின் சுவரும் குழாயின் வாயுமே. புதிதாகப் பதித்த குழாயின் ஒரு முனையில் விளக்கையும் மறுமுனையில் கண்ணாடியையும் வைத்து, ஒளி முழுவட்டமாகத் தெரிந்தால் குழாய் நேர் என்றும், வட்டம் குறைந்தால் எங்கோ கோணியிருக்கிறதென்றும் நிச்சயித்த பழைய பொறியாளர்கள், குழாய்க்குள் புகுந்தா பார்த்தார்கள்? இன்றோ, சக்கரம் பூட்டிய காமிரா தன் விளக்கொளியில் ஊர்ந்து சென்று, இணைப்பு விலகிய இடத்தையும், மரவேர் புகுந்த இடத்தையும், நிலத்தடி நீர் கசியும் இடத்தையும், மேன்ஹோலிலிருந்து எத்தனை மீட்டர் தூரம் என்ற கணக்கோடு படம்பிடித்துத் தருகிறது.

அனுபவசாலிக்கு ஆபத்தில்லை, மூடியைச் சற்று நேரம் திறந்து வைத்தால் போதும் என்பது அடுத்தது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானதாதலால் அடியிலேயே தங்கும். சகதியைக் கிளறினால் மேலும் வெளிப்படும். அளவு மிகுந்தால் முகரும் சக்தியையே மரத்துப்போகச் செய்யும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கமோ, மீத்தேன் இருந்தால் வெடிவிபத்தில் முடியும். 2015-இல் கோழிக்கோட்டில் தொழிலாளர் இருவர் மேன்ஹோலுக்குள் வீழ்ந்தபோது, காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு மாண்டார்.

கைவேலையின்றிச் செப்பனிட முடியாதென்பதில் ஓரளவு உண்மையுண்டு. மேற்சொன்ன வாயுவே ஈரச் சுவரில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கிறது. அரித்த மேன்ஹோலின் சுவரைப் பூசியாக வேண்டும். ஆயினும் குழாய்க்குப் பிசின் தோய்த்த துணியுறையைச் செலுத்தி, வெந்நீராலோ நீராவியாலோ இறுகச் செய்து, பழைய குழாய்க்குள்ளேயே புதுக்குழாய் உண்டாக்கலாம். உடைந்த மேன்ஹோலை மேலிருந்து தோண்டி மாற்றலாம். வேறு வழியே இல்லாத சந்தர்ப்பத்தில் கழிவுநீரை அடைத்து வேறு வழியாகத் திருப்பி, காற்றூதி, வாயுமானியால் சோதித்து, இடுப்பிலும் தோளிலும் கச்சை பூட்டிய பின்னரே ஒருவனை இறக்குவது வேறு. கயிறுமின்றி இறங்கச் சொல்வது வேறு.

செலவைச் சொல்கிறவர்கள், சாக்கடையில் மரணமடைவோரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் அளிக்கவேண்டுமென 2023-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையையும் கணக்கில் சேர்க்கட்டும். பிழைப்புப் போய்விடுமென்று இரங்குகிறவர்கள் திருவனந்தபுரத்தைப் பார்க்கட்டும்: 2018-இல் அங்கே பண்டிகூட் என்னும் யந்திரம் இறக்கப்பட்டபோது, முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களே மேலே நின்று அதை இயக்கப் பயிற்சி பெற்றார்கள்.