பெயர் இல்லாத ஓவியங்கள்

விவேக் நகரில் நம் மாணவர் அறைகளில் தொங்கும் நாட்காட்டிகளைப் பாருங்கள். ஏரிக்கரையில் ஒரு மான், பின்னால் பனிமலை. அது எந்தக் காட்டு மான்? எந்தப் புல்லைத் தின்று வளர்ந்தது? வரைந்தவர்க்கே தெரிந்திராது.

நீலகிரியில், கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பையில், ஆலு குறும்பர் வரையும் படங்கள் வேறு வகை. வேங்கைமரப் பிசினும் மண்ணும் கரியும் இலைச்சாறுமே அவர்தம் வண்ணங்கள். செங்குத்தான பாறை, அதில் மலைத்தேனீயின் அடைகள், கயிற்றில் தொங்கும் மனிதன், சுற்றிலும் மரங்கள். அவ்வூர்க் கிருஷ்ணன் இக்கலையை வெளியுலகுக்குக் காட்டியவர். இன்றும் ஒரு சிலர் வரைகின்றனர். அருகிலேயே எழுத்துப்பாறை என்னும் பழைய பாறை ஓவியம் இருக்கிறது. கல்லில் கண்ட கோடே தாளிலும் தொடர்கிறது.

"கை கால் குச்சிபோல் இருக்கிறதே, குழந்தைக் கிறுக்கல்" என்று ஏளனம் செய்வோர் நம்மிடையே உண்டு. தசையை எண்ணிக் காட்டுவதா அந்த ஓவியனின் நோக்கம்? அடை எங்கே, கயிறு எங்கே, மனிதன் எங்கே என்பதன்றோ அவனுக்கு முக்கியம்! பிழைத்தால் உயிர் போகும் இடம் அது. காட்டில் வாழ்பவன் விலங்கையும் தேனீயையும் அவற்றின் இடத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை.

என் குறை வேறு. கண்காட்சிகளில் இத்தகைய படங்களின் கீழ்ப் பெரும்பாலும் 'பழங்குடி ஓவியம்' என்ற சீட்டுத்தான் தொங்குகிறது. வரைந்தவர் பெயர் இல்லை. இரவி வர்மாவின் படத்தைத் 'திருவிதாங்கூர் ஓவியம்' என்று மட்டும் எழுதி விற்போமா? அமெரிக்காவில் மான்களை வரைந்த நவஹோ ஓவியர் ஹாரிசன் பிகே 2012-இல் மறைந்தார். 1932-இல் டாரதி டன் சாண்டா பேயில் தொடங்கிய ஓவியக்கூடத்தில் பயின்றவர். பழங்குடி மாணவர் இப்படித்தான் வரையவேண்டும் என்று அக்கூடம் அச்சு வார்த்தது என்ற கண்டனமும் உண்டு, அது நியாயமே. ஆயினும் அவர் படம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. போபாலில் 1982-இல் திறந்த பாரத் பவனால் புகழ் பெற்ற கோண்டு ஓவியர் ஜங்கர் சிங் ஷியாமின் பாணிக்கே 'ஜங்கர் கலம்' என்று பெயர் வந்துவிட்டது. நீலகிரி ஓவியர்க்கு மட்டும் ஏன் இந்தப் பெயரின்மை?

நம் சங்கத்துப் பொங்கல் மலருக்கு இவ்வாண்டு ஒரு குறும்பர் ஓவியரிடம் அட்டைப்படம் கேட்போம். உரிய பணம் கொடுத்துக் கேட்போம். வண்ண அச்சுக்கும் வழவழப்பான தாளுக்கும் பணம் இருக்கிறது. ஓவியர்க்கு மட்டும் இல்லையென்றால் யார் நம்புவார்? மலர்க்குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுக்கவேண்டும். படத்தின் கீழே ஓவியர் பெயரும் ஊரும், தலைவரின் வாழ்த்துரைக்குப் போடும் அதே பருமன் எழுத்தில் வரட்டும்.