பாத பூஜையும் பத்தாங்கிளாஸும்

போன வாரம் பெரியக்கா போன் பண்ணி, "டேய், அம்மாகிட்ட அந்தப் பெரிய தாம்பாளம் இருக்குல்ல, சனிக்கிழமை கொண்டு வர்றியா?"ன்னா. ஏதோ விசேஷம் போலன்னு நெனச்சா, பாப்பா ஸ்கூல்ல பாத பூஜையாம். பத்தாங்கிளாஸ் பசங்க பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி அப்பா அம்மா காலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வெச்சு, பூ போட்டு ஆசீர்வாதம் வாங்கணுமாம். சர்க்குலர்ல 'மாணவர் மனநலம் மற்றும் ஊக்கமளிக்கும் நிகழ்ச்சி'ன்னு போட்டிருக்கு. மனநலமாம்!

தாம்பாளத்தைத் தூக்கிட்டு நானும் போனேன். இந்த நிகழ்ச்சி உங்கள்ல பல பேருக்குப் புதுசா இருக்காது. மொதல்ல ஒரு பேச்சாளர், ரெண்டு ஜோக். அப்புறம் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லுவார். பின்னாடி சோகமா புல்லாங்குழல் ஓடும். "உங்கப்பா காலைப் பாரு... அந்த வெடிப்பைப் பாரு... யாருக்காக வந்த வெடிப்பு அது?" (கண்ணை மூடிட்டு வெடிப்பை எப்படி சார் பாக்கறது? சரி, விடுங்க.) அஞ்சு நிமிஷத்துல முன்வரிசை விசும்ப ஆரம்பிச்சுது, பத்து நிமிஷத்துல மொத்த ஹாலும். கரஸ்பாண்டன்ட் முகத்துல பெருமை தாங்கல.

அன்னிக்கு ராத்திரி பாப்பா மெதுவா பக்கத்துல வந்து உக்காந்தா. "மாமா, நான் 450க்குக் கீழ எடுத்தா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமா?"

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பேச்சாளர் எதிர்ல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியல.

நான் +2 படிச்சது 2014ல. எங்க ஸ்கூல்லயும் (பேரு வேணாம்) இதே கூத்துதான். லெவன்த் பாடத்தை ஓரங்கட்டிட்டு ரெண்டு வருஷமும் +2 பாடமே ஓடும். காலைல அஞ்சு மணி ஸ்டடி, ராத்திரி பத்தரைக்கு முடியும். பி.டி. பீரியட்னு டைம்டேபிள்ல இருக்கும், மேத்ஸ் சார் வந்து இண்டகிரேஷன் போடுவார். என் பெஞ்ச்மேட் ஒருத்தனுக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்ல, சித்தப்பா வீட்டுல வளர்ந்தான். பாத பூஜை அன்னிக்கு சித்தப்பாவும் வரல. எல்லார் எதிர்லயும் ரெண்டு ரெண்டு சேர்ல ஆளுங்க, இவன் எதிர்ல காலி சேர். கையில சொம்பு. அவனுக்கும் ஒரு நாள் முன்னாடியே தெரியும், டீச்சர்களுக்கும் தெரியும், யாரும் "நீ வர வேணாம்டா"ன்னு சொல்லல. கடைசில பி.டி. சார்தான் ஓடி வந்து அந்த சேர்ல உக்காந்தார். ஷூவைக் கழட்டும்போது அவர் கண்ணு கலங்கினதைப் பாத்தேன். எங்களுக்காக அந்த ஸ்கூல்ல நடந்த ஒரே மனநல சேவை அதுதான், அதுவும் பீரியடே கிடைக்காத மனுஷன் கையால.

அக்கா சொல்றா, "பெத்தவங்க அருமை தெரியட்டுமேடா, ரெண்டு சொட்டு அழுதா என்ன கொறைஞ்சு போச்சு?" அருமை தெரியாத புள்ளை எதுக்கா அழப்போகுது? கடைசி வரிசைல ஒருத்தன் பக்கத்துல இருக்கறவனைக் கிள்ளிட்டு சிரிச்சிட்டுத்தான் இருந்தான், நானே பாத்தேன். ஏற்கனவே பயந்து போய், வீட்டுக் கடனை மனசுக்குள்ள கூட்டிக் கழிச்சிட்டு இருக்கற புள்ளைதான் தேம்பித் தேம்பி அழுவுது. சுமையே இல்லாதவன் மேல ஏறாத மூட்டை, முதுகு வளைஞ்சு நிக்கறவ மேல போய் உக்காருது.

2022ல மட்டும் இந்தியாவுல தற்கொலையில செத்துப்போன மாணவர்கள் 13,044 பேர்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்கு சொல்லுது. 2025 ஜூலைல உச்ச நீதிமன்றம் இதுக்காகவே வழிகாட்டு நெறிகள் போட்டுச்சு. 100 பேருக்கு மேல படிக்கற இடத்துல பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருத்தராவது இருக்கணும், மார்க்கை வெச்சு பசங்களைத் தனித்தனியா பிரிக்கறதையும் எல்லார் முன்னாடி அவமானப்படுத்தறதையும் முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கணும், டெலிமானஸ் (14416) மாதிரி உதவி எண்களைக் கண்ணுல படற மாதிரி ஒட்டணும்னு எல்லாம் அதுல இருக்கு. பாப்பா ஸ்கூல் ஆபீஸ்ல கவுன்சிலர் யாருன்னு கேட்டேன். "அதெல்லாம் கிளாஸ் டீச்சரே பாத்துப்பாங்க சார்"னு பதில். ஏ செக்ஷன்ல நல்லா படிக்கறவங்க, டி செக்ஷன்ல 'ஸ்லோ லேர்னர்ஸ்'. உதவி எண் ஒட்டியிருக்கான்னு தேடினேன். சுவத்துல போன வருஷ டாப்பர்ஸ் ஃப்ளெக்ஸ்தான் இருந்துச்சு. 2017ல அரசாங்கமே மாநில ரேங்க் அறிவிக்கறதை நிறுத்திடுச்சு, ஃப்ளெக்ஸ் அடிக்கறவங்களுக்கு யாரும் சொல்லல போல.

டீச்சர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்ல. ரிசல்ட் பர்சன்டேஜ் கொறைஞ்சா அவங்க சம்பளத்துக்கே ஆபத்து. நம்ம வீடு மட்டும் ஒழுங்கா? "உனக்காகத்தான் வேலையை விட்டேன்"னு அக்கா வாரத்துக்கு ரெண்டு தடவையாவது சொல்றா, நானே கேட்டிருக்கேன். பதிமூணுலேர்ந்து பதினெட்டு வயசுப் புள்ளைங்க எட்டு மணி நேரமாவது தூங்கணும்னு தூக்க மருத்துவம் சொல்லுது. பாப்பா தூங்கறது ஆறு. கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்தா "நல்லா படிக்கறா"ன்னு சொந்தக்காரங்க பாராட்டறாங்க.

இதையெல்லாம் சொன்னப்ப அக்கா, "நீ ஒண்ணைப் பெத்து வளர்த்துப் பாரு, அப்புறம் பேசலாம்"னு போனை வெச்சுட்டா. நியாயம்தான், அந்த அனுபவம் எனக்கு இல்ல. ஆனா காலைக் கழுவின அனுபவம் இருக்கு.

பாப்பாவுக்கு அன்னிக்கே பதில் சொல்லிட்டேன். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பா, அவ்ளோதான். நான் மேத்ஸ்ல எவ்ளோ எடுத்தேன் தெரியுமா?"ன்னு என் பழைய ரகசியத்தையும் உடைச்சேன். சிரிச்சா. தாம்பாளம் இன்னும் அக்கா வீட்டுலதான் கிடக்கு, அம்மா ரெண்டு தடவை கேட்டாச்சு. ஞாயித்துக்கிழமை எடுக்கப் போகும்போது பாப்பாவை ஷட்டில் ஆட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். அக்கா விட்டா!