ஆட்டோவுக்கு நம்ம நிறம் தெரியாது

ஆயிரமாயிரமாய்க் கொட்டி டிஜிட்டல் கேமரா வாங்கி, மேலே இருக்கிற சக்கரத்தை 'ஆட்டோ'வை விட்டு நகர்த்தாத மகாஜனங்களே, இது உங்களுக்குத்தான். கோபப்படாதீங்க, ரொம்ப வருஷம் நானும் உங்க கட்சிதான்.

நெல்லைக்காரனுக்குச் சித்தூரில் வங்கி உத்தியோகம். திருப்பதி 70 கிலோமீட்டர் (2022-ல் அது தனி மாவட்டமாகிவிட்டது). துபாய், சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும் சொந்தமெல்லாம் மொட்டை போட என் வீட்டு வழியாகத்தான் போகும். சம்பளமில்லாத போட்டோகிராபர் நான்.

கோயிலுக்குள் கேமரா கூடாது. அதனால் படமெல்லாம் வெளியே, உச்சிவெயிலில். 2009-ல் அத்தையின் பேரனுக்கு மொட்டை. சந்தனம் பூசின தலை, மாமாவின் வெள்ளை வேட்டி, பின்னால் தகிக்கிற தெரு. அத்தை மட்டும் மண்டப நிழலில். ஆட்டோவில் அமுக்கினேன். வேட்டி அருமையாக வந்தது. அத்தை முகம் இருந்த இடத்தில் கரித்துண்டு. ஆறே மாதத்தில் அத்தை போய்விட்டாள். அவளோட கடைசிப் படம் அதுதான்.

ஸ்டுடியோவில் கொடுத்து வெளிச்சம் ஏற்றச் சொன்னேன். புள்ளி புள்ளியாய், ரோஸ் பவுடர் அப்பின மாதிரி ஒரு முகம் வந்தது. மாமா பார்த்துவிட்டு, "ஏலே, இது யாருல?" என்றார்.

மீட்டரைத் திட்டிப் பயனில்லை, அது குமாஸ்தா. எதிரே இருப்பதைக் கூட்டி வகுத்து, எல்லாம் சேர்ந்து சுமார் 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பும் சாம்பல் என்று கணக்கை முடிக்கும். பி.காம். படித்தவன் கேட்கிறேன்: எங்க ஊர் மாங்கூழ் ஆலை முதலாளியையும் பால் ஊற்றுகிற அம்மாவையும் கூட்டிச் சராசரி போட்டு, இரண்டு பேருக்கும் ஒரே கடன் கொடுத்தால் என்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களா?

"இப்ப கேமராவே முகத்தைக் கண்டுபிடிச்சிடுதே" என்பீர்கள். சரி, பிடித்த முகம் எவ்வளவு வெளுப்பாக இருக்கணும்னு யார் முடிவு பண்ணினது? பிலிம் காலத்தில் கோடாக், நிறம் சரிபார்க்க ஸ்டுடியோக்களுக்கு 'ஷெர்லி கார்டு' அனுப்பியது. அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். கறுத்த தோலைச் சரியாகக் காட்டவென்று கூகுள் 'ரியல் டோன்' கொண்டுவந்தது 2021-ல்தான். அத்தனை வருஷம் நம்ம முகமெல்லாம் யாரோ போட்ட கணக்கு.

சக்கரத்தை 'எம்'முக்குத் திருப்புங்க. ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் 5.6. உங்க உள்ளங்கையை, முகத்தில் விழுகிற அதே வெளிச்சத்தில் நீட்டி, பிரேம் நிறைய அதை மட்டும் அளங்க. மீட்டர் 1/200 சொன்னால் 1/100 வையுங்க. உள்ளங்கை சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளுப்பு, அதுக்குத்தான் இந்த ஒரு படி. கறுப்போ சிவப்போ, உள்ளங்கை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வெளுப்புதான். அப்புறம் கறுத்த முகம் கறுப்பாகவே, களையாக வரும். பின்னால் தெரு வெளுத்துப்போகும். போகட்டுமே, தெருவையா பார்க்க வந்தோம்?

"பிள்ளை அதுவரை நிற்கணுமே" என்பது அடுத்த சாக்கு. பிள்ளைதான் ஓடும், வெளிச்சம் ஓடாது. அதே நிழலில் ஒருதரம் வைத்துவிட்டால் ஐம்பது படம் எடுக்கலாம். ஆட்டோவில்தான் வேட்டி கட்டின யாராவது குறுக்கே வந்ததும் அடுத்த படம் இருட்டும்.

வருகிற சனிக்கிழமை சித்தி குடும்பம் மஸ்கட்டிலிருந்து வருகிறது, இரண்டு மொட்டை. சித்தி அத்தையைவிடக் கறுப்பு. உள்ளங்கையைக் கழுவி வைத்திருக்கிறேன் :-)