இரண்டு வரிதானே?

தமிழ் வாத்தியாருக்கு நிரல்மொழி விவகாரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். விவகாரம் பெயரைப் பிரிப்பது பற்றியது. ஆகவே வேலை இருக்கிறது.

பைத்தான் மொழியில் கோப்புகளின் பெயரையும் இருப்பிடத்தையும் கையாளப் ‘பாத்லிப்’ என்றொரு நூலகம் உண்டு. கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்கு முன்னால் இருப்பதை அது ‘ஸ்டெம்’ என்கிறது. புள்ளியையும் அதற்குப் பின்னால் வருவதையும் ‘சஃபிக்ஸ்’ என்கிறது. நம் இலக்கணத்தில் சொன்னால் பகுதி, விகுதி. 2014இல் பைத்தான் 3.4உடன் இந்நூலகம் வந்தபோதே விகுதியை மட்டும் மாற்றித் தரும் சார்பு அதில் இருந்தது. விகுதியை விட்டுவிட்டுப் பகுதியை மட்டும் மாற்றித் தரும் ‘வித்_ஸ்டெம்’ 2020இல், 3.9ஆம் பதிப்பில்தான் வந்தது. இத்தகைய சிறு வசதிகளைக் கேட்கும்போதெல்லாம் எழும் மறுப்பு ஒன்றுதான்: இரண்டு வரியில் நீங்களே எழுதிக்கொள்ளலாமே!

நானும் எழுதிக்கொண்டவன்தான். 2016இல், மாணவர்கள் தட்டச்சு செய்திருந்த கோப்புகளைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றி, பகுதியோடு ‘புதிது’ என்று ஒட்டிச் சேமிக்க முனைந்தேன். பகுதியைப் பிரித்துத் தரும் வசதி அப்போதும் இருந்தது. மாற்றி ஒட்டித் தரும் வசதி இல்லை. எனவே முழுவதையும் கையாலேயே செய்யப் போனேன். முதற்புள்ளியில் வெட்டு, முன்துண்டை வைத்துக்கொள் என்பது என் விதி. ‘குறுந்தொகை.உரை’, ‘குறுந்தொகை.மூலம்’ என்று தொடங்கிய இரு கோப்புகளும் ஒரே பெயரைப் பெற்றன. உரையின் மேல் மூலம் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. வேலை முடிந்ததென்று பழைய கோப்புகளை அழித்த பிறகே இழப்புத் தெரிந்தது. ஒரு பருவத்து உழைப்பு போயிற்று. பிழை என்னுடையதே, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிழைக்கு வழி திறந்தது ‘இரண்டு வரிதானே’ என்ற அலட்சியம்.

வரி இரண்டுதான், அவற்றுள் இருக்கும் இலக்கணம் பெரிது. பெயரில் பல புள்ளிகள் இருந்தால் எது விகுதி? புள்ளியே இல்லாவிட்டால்? யூனிக்ஸில் புள்ளியிலேயே தொடங்கும் மறைகோப்புகளுக்கு விகுதி உண்டா? இவற்றை நூலகம் ஒருமுறை முடிவு செய்தால் போதும். ஆளுக்கொரு விதி எழுதினால் ஆளுக்கொரு பிழை.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் சத்து இருக்கிறது. 2006இல் முன்வைக்கப்பட்ட, கோப்புப்பாதைகளுக்கான 355ஆம் முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் திணிக்கிறது என்பதே குறை. அது நியாயமான குறைதான். சேர்க்கும் ஒவ்வொரு பெயரையும் யாரோ கற்க வேண்டும், யாரோ பல்லாண்டு காக்க வேண்டும். கேட்டதையெல்லாம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வரிகளை எண்ணி முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். பயனர் தாமே எழுதினால் எத்தனை வழிகளில் ஓசையின்றித் தவறக்கூடும் என்று எண்ணுங்கள். தவறினால் உடனே கூச்சலிடும் வேலையைப் பயனரிடம் விடலாம். மௌனமாக அழிக்கக்கூடிய வேலையை விடலாகாது.

2025இல் வந்த 3.14ஆம் பதிப்பில், கோப்பை நகலெடுக்கும் வசதியும் இடம்மாற்றும் வசதியும்கூடப் பாத்லிப்பில் சேர்ந்துவிட்டன. வசதிகள் எப்படியும் வந்துவிடுகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளின் விலையைத்தான் என் போன்ற அரைகுறைகள் கொடுக்கிறோம்.