போர்ட் ஃபார்வர்டிங்கும் மேன்ஷன் வாட்ச்மேனும்

கிருஷ்ணன்கோவிலில் நாலு மாணவர்கள் வீடெடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வருட ப்ராஜெக்ட். எடுத்த வீடியோக்கள் மொத்தம் 20 ஜிபி. அதை ராஜபாளையத்தில் இருக்கும் ஐந்தாவது ஆளுக்கு அனுப்ப வேண்டும். இங்கேயும் ஃபைபர் இணைப்பு, அங்கேயும் ஃபைபர் இணைப்பு. இரண்டு வீட்டிலும் மாதா மாதம் ஒழுங்காகப் பணம் கட்டுகிறார்கள். கடைசியில் நடப்பது என்ன? ஒருத்தர் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் பஸ் ஏறுவார். போகிற வழியில் பால்கோவா வாங்கலாம் என்பது மட்டும்தான் இதில் லாபம்!

கூகுள் டிரைவ் இல்லையா என்று கேட்பார்கள். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதிலும் ஜிமெயிலுக்குப் பங்கு உண்டு. தவிர, பக்கத்து ஊருக்குப் போகவேண்டிய கோப்பு எங்கேயோ இருக்கும் ஒரு சர்வருக்கு ஒருமுறை ஏறி, மறுபடி ஒருமுறை இறங்க வேண்டும். இரண்டு கணினிகளும் நேராகப் பேசிக்கொண்டால் ஒரே பயணத்தில் முடிகிற வேலை இது. பியர் டு பியர் என்பது அந்த நேர்ப்பேச்சுதான். அதற்குத் தேவை போர்ட் ஃபார்வர்டிங். இன்றைக்குப் பல இணைப்புகளில் அதற்கு வழியே இல்லை. வாங்கிய இணைப்பில் பாதியை நிறுவனங்கள் தராமல் வைத்திருக்கின்றன. வாங்கியவர்களுக்கு அது தெரியவும் இல்லை என்பதுதான் கொடுமை.

சரி, விஷயத்துக்கு வருவோம். திருவல்லிக்கேணி மேன்ஷனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மொத்தக் கட்டிடத்துக்கும் ஒரே கதவிலக்கம், வாசலில் ஒரு வாட்ச்மேன். அறையிலிருந்து யாராவது கடிதம் போட்டால் வாட்ச்மேன் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் அந்த அறைக்குக் கொடுப்பார். யாரும் எழுதாமலே வெளியிலிருந்து ஒரு கடிதம் வந்தால்? எந்த அறைக்கு என்று அவருக்குத் தெரியாது, தூக்கிப் போட்டுவிடுவார். ரவுட்டர்தான் அந்த வாட்ச்மேன். அவர் பார்க்கும் வேலைக்கு 'நாட்' என்று பெயர். "6881 என்று குறித்து வரும் கடிதமெல்லாம் இரண்டாம் நம்பர் அறைக்கு" என்று அவரிடம் எழுதிக் கொடுத்து வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். இவ்வளவுதான் சமாச்சாரம், ராக்கெட் விஞ்ஞானமெல்லாம் இல்லை.

செய்கிற முறையும் சுலபம். பிரவுசரில் 192.168.1.1 (சில ரவுட்டர்களில் 192.168.0.1) என்று அடித்து உள்ளே போக வேண்டும். முதல் வேலையாகத் தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பிறகு கணினிக்கு வீட்டுக்குள் மாறாத ஐபி ஒன்றை ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு அறை மாறிவிடும். அடுத்து 'போர்ட் ஃபார்வர்டிங்' அல்லது 'வர்ச்சுவல் சர்வர்' என்ற பக்கத்தில், டாரெண்ட் மென்பொருளில் இருக்கும் போர்ட் எண்ணையும் அந்த ஐபியையும் எழுதி, டி.சி.பி., யு.டி.பி. இரண்டையும் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது.

இது எதற்கு என்றால், டாரெண்டில் பகிர்கிற இருவரில் ஒருவருடைய கதவாவது திறந்திருக்க வேண்டும். இருவரும் மூடி வைத்திருந்தால் சந்திக்கவே முடியாது. மூன்றாவது ஆள் நடுவில் நின்று இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் தட்டச் சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு. ரவுட்டரின் குணத்தைப் பொறுத்து சில சமயம் பலிக்கும், சில சமயம் காலை வாரும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் போர்ட் மூடியே இருந்தால்? ரவுட்டரில் 'வான்' என்று காட்டும் ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். அது 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ கதை முடிந்தது. வீட்டு வாசலில் இருப்பவர் குட்டி வாட்ச்மேன் மட்டுமே. பெரிய வாட்ச்மேன் நிறுவனத்தின் கட்டிடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பல வீடுகளுக்குச் சேர்த்து அவரிடம் ஒரே கதவிலக்கம். அவரிடம் எழுதிக் கொடுக்க வாடிக்கையாளருக்கு எந்தப் பக்கமும் கிடையாது.

நிறுவனங்கள் சொல்லும் காரணம் பாதி உண்மை. பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பின் கடைசிப் பங்குகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 2012-ல் இந்தப் பெரிய வாட்ச்மேன் ஏற்பாட்டுக்காகவே 100.64 வரிசை ஒதுக்கப்பட்டது. 1994-ல் நாட் முன்மொழியப்பட்டபோதே அதைக் குறுகிய காலத் தீர்வு என்றுதான் சொன்னார்கள். தற்காலிகக் கொட்டகை முப்பது வருடமாக நிற்கிறது! நிரந்தரத் தீர்வான ஐபிவி6 இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் வந்துவிட்டது. அதில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைக்கும். ஆனால் நிறுவனம் தரும் பெட்டியில் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் சுவர் இருக்கும், சில பெட்டிகளில் அதைத் திறக்கும் பக்கத்தையே மறைத்து வைத்திருப்பார்கள். முகவரிப் பஞ்சம் தீர்ந்த பிறகும் பூட்டு மட்டும் அப்படியே இருந்தால் அதற்கு என்ன பெயர்?

2005-ல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்த காலத்தை நினைத்துப் பார்க்கலாம். ராத்திரி 2 மணி முதல் காலை 8 வரை கணக்கில்லாத டவுன்லோடுக்காக அலாரம் வைத்து எழுந்த தலைமுறை அது. அந்த ஏ.டி.எஸ்.எல். கம்பியில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. பெயரின் முதல் எழுத்தே சமமற்றது என்பதைத்தான் குறிக்கிறது. ஆனாலும் மோடத்துக்குள் போய் போர்ட்டைத் திறக்க முடிந்தது. இன்றைய ஃபைபரில் ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் சமமாகவே பல திட்டங்களில் கிடைக்கிறது. கம்பி அகலமானது, கதவு காணாமல் போனது.

"திருட்டுப் படம் இறக்கத்தானே இதெல்லாம்?" என்பது முதல் எதிர்ப்பு. திருட்டு நடக்கிறது, அதற்குக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. செய்தவரைப் பிடிக்கட்டும், யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை. ஆனால் அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டார்கள் என்று ஊரில் காய் நறுக்குவதைத் தடை செய்வதில்லை. 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைக் காட்டி இணைய நிறுவனங்கள் பைரேட் பே மட்டுமல்லாமல் விமியோ தளத்தையும் சேர்த்து மூடின. குறும்படம் எடுத்து ஏற்றியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஜூனில் நீதிமன்றமே, குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும், முழுத் தளத்தையும் அல்ல என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. லினக்ஸ் வட்டுகளும் இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய நூல்களும்கூட டாரெண்டில்தான் பகிரப்படுகின்றன. 2010-ல் ட்விட்டர் தன் சர்வர்களுக்கு நிரல் அனுப்பியதும் பிட்டாரெண்ட் முறையில்தான். பெரிய நிறுவனம் செய்தால் தொழில்நுட்பம், ஹாஸ்டல் பையன் செய்தால் திருட்டா?

"போர்ட்டைத் திறந்தால் ஆபத்து" என்பது இரண்டாவது எதிர்ப்பு. இதில் நியாயம் இருக்கிறது. தேவையில்லாததைத் திறக்கக் கூடாது, வேலை முடிந்ததும் மூட வேண்டும். ஆனால் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் நச்சுநிரலால் முடங்கியபோது யாரும் டாரெண்டுக்காகப் போர்ட் திறந்ததால் அது நடக்கவில்லை. மாற்றப்படாமல் கிடந்த தொழிற்சாலை பாஸ்வேர்டு வழியாகத்தான் அது நுழைந்தது. வாடிக்கையாளரை இருட்டில் வைப்பது பாதுகாப்பு ஆகாது. தன் வீட்டுக் கதவைப் பற்றித் தெரிந்தவர்தான் அதை ஒழுங்காகப் பூட்டுவார்.

2015-ல் இணையச் சமவாய்ப்புக்காக டிராய்க்கு லட்சக்கணக்கில் மின்னஞ்சல் போனது. எல்லாத் தளங்களையும் சமமாகப் பார்க்கும் உரிமைக்காக நடந்த சண்டை அது, ஜெயித்தும் விட்டது. பார்ப்பவருக்கு உரிமை கிடைத்தது. கொடுப்பவராக இருக்கும் உரிமையை யாரும் கேட்கவே இல்லை.

கேட்க வேண்டியது அதிகமில்லை. பொது ஐபி உண்டா இல்லையா என்று விளம்பரத்திலும் பில்லிலும் வேகத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். கேட்பவருக்குத் தனிக் கட்டணம் என்று மிரட்டாமல் தர வேண்டும். ஐபிவி6 சுவரைத் திறக்கும் பக்கத்தை ஒளிக்கக் கூடாது. அடுத்த தடவை இணைப்பு மாட்ட ஆள் வரும்போது "ஸ்பீடு எவ்வளவு அண்ணே?" என்பதோடு நிறுத்தாமல், "போர்ட் திறக்க முடியுமா?" என்றும் கேட்டுப் பாருங்கள். அவர் ஙே என்று விழித்தாலும் பரவாயில்லை. பத்து வீட்டில் கேட்டால் பதினோராவது வீட்டுக்கு வருவதற்குள் ஆபீஸில் விசாரித்துக்கொண்டு வருவார்.