முகத்துவாரத்து ஊர்

பழவேற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பூநாரைகளைப் பார்ப்பார்கள்; பிறகு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு வருவார்கள். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளுடன் படம் எடுத்துக்கொள்வார்கள். கோட்டை இருந்த இடத்தில் புதர்தான் மிச்சம் என்பதால் அங்கே யாரும் அதிக நேரம் நிற்பதில்லை.

அந்தப் புதருக்குள்தான் சென்னையின் பிறப்புக் கதை கிடக்கிறது. 1502-இல் போர்ச்சுகீசியர் இங்கே வந்தனர். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து பண்டகசாலை அமைத்தார்கள். 1612-இல் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் படையெடுத்து வந்து அதைத் தாக்கவே, மறு வருடமே கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையகமும் அதுவே. ஆங்கிலேயரும் இங்கே கடை விரித்துப் பார்த்தார்கள். டச்சுக்காரர்களின் நெருக்கடியில் நிலைக்க முடியவில்லை. வடக்கே ஆர்மகானுக்குப் போய் அங்கும் சரிப்படாமல், 1639-இல் தெற்கே ஒரு மணல்மேட்டை வாங்கினார்கள். அதுதான் மதராஸ்.

பழவேற்காட்டிலிருந்து ஜாவாவுக்குத் துணி போனது. கோட்டைக்குள் வெடிமருந்து தயாரானது. மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலங்களில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கப்பலேற்றி, ஜாவாவின் பத்தாவியாவில் அடிமைகளாக்கினார்கள். சீமான்களின் பெயர்கள் கல்லறைக் கற்களில் அழகாக வெட்டப்பட்டிருக்கின்றன. கப்பலேறியவர்களுக்கு இந்த ஊரில் ஒரு கல்கூட இல்லை. நாம் பாதுகாக்கும் பாரம்பரியம் எவருடையது என்று தொல்லியல் துறைப் பலகை சொல்லாது.

1690-இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. நாகை ஆங்கிலேயர் கைக்குப் போன 1781-க்குப் பின் திரும்ப வந்தது; அதற்குள் ஊரின் காலம் முடிந்திருந்தது. 1806-இல் கோட்டையை இடித்தார்கள். 1825-இல் ஊரே ஆங்கிலேயருக்குக் கைமாறியது. பசிபிக்கில் ஹவாய்த் தீவுகளின் லகைனாவுக்கும் ஏறத்தாழ இதே கதி: தலைநகர் 1845-இல் ஹொனலுலுவுக்குப் போனதும், திமிங்கில வேட்டைக் கப்பல்களின் வரவு குறைந்ததும், அது பின்தங்கிப்போனது. கப்பலை நம்பிய ஊர்களின் தலைவிதியை வேறெங்கோ எழுதுகிறார்கள்.

கப்பல் போனாலும் ஏரி போகவில்லை. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. முகத்துவாரம் திறந்திருந்தால் கடல்நீர் ஏறும், இறாலும் மீனும் வரும். மணல் மூடினால் அடுப்பு எரியாது. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துத் தீர்க்கும் 'பாடு' இன்றும் உண்டு. எல்லோருக்கும் நியாயமான ஏற்பாடு என்று அதைப் புகழ மாட்டேன்: பாட்டு உரிமை இல்லாத மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் நல்ல இடங்கள் கிடைப்பதில்லை. ஆனாலும் ஏரியை ஒரேயடியாகச் சுரண்டிவிடாமல் பங்கு வைத்த முறை அது.

இப்போது தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், 2001-இல் திறந்த துறைமுகம், காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. வேலையும் வேண்டும், வருமானமும் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீட்டும் ஒவ்வொரு கற்சுவரும் தெற்கே மணலைச் சேர்க்கிறது, வடக்கே கரையை அரிக்கிறது. காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை மீனவர்கள் எதிர்ப்பது இதனால்தான். முதலீட்டுக் கணக்கோடு முகத்துவாரத்தின் கணக்கையும் சேர்த்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அனுமதியைப் பற்றி அரசு பேச வேண்டும்.